குரலுக்குப் பதினொரு மார்க்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, சென்னியப்பனுக்குத் தன் மனைவியைத் தெரியாது என்று இயந்திரம் சொன்னது.

மனைவி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். அவருடைய கண்ணாடிக் கூடு அவள் மடியில் இருந்தது.

"தெரியாதுன்னா?" என்றாள் சாந்தாமணி.

டாக்டர் ஆதிரை திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். குறுக்கே வெட்டிய மூளை. சாம்பல் நிறம். எந்த இடத்திலும் வெளிச்சம் எரியவில்லை.

"இப்போ தெரியும்மா. பத்து வருஷம் கழிச்சுத் தெரியாமப் போகும். அதோட ஆரம்பம் இது."

"காலிபிளவரு மாதிரி இருக்குதுங்," என்றார் சென்னியப்பன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. கிணத்துக்கடவில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அறுபது தாண்டியவர்களுக்கு அந்த மறதி நோய்ச் சோதனை இலவசமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. மகள் ஓசூரிலிருந்து போனில் நச்சரித்ததால் வந்தார். கோவைக்கு வந்தால் நல்ல காபி கிடைக்கும் என்பது இன்னொரு காரணம்.

"சார், போன வாரம் தலையில தொப்பி மாட்டி நாலு குரல் போட்டோம், ஞாபகம் இருக்கா? நாலு பேர் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மூணு பேர் முன்பின் தெரியாதவங்க. ஒருத்தர் இந்த அம்மா."

"ரேசன் கடையில கூப்புடற மாதிரி இருந்துச்சுங்."

"ரொம்ப நெருக்கமானவங்க கூப்பிட்டா, நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே நெத்திக்குப் பின்னால ஒரு இடத்துல ரத்தம் பாயும். புளியங்கொட்டை அளவு இடம். அரை நொடிகூட ஆகாது. இந்த நோய் முதல்ல அங்கதான் கை வைக்கும். முகம் மறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே குரல் ஆறிப்போயிடும். முன்னாடி எல்லாம் இதைக் கண்டுபிடிக்க முடியாது. இப்ப முடியுது."

"எத்தனை மார்க்குங்?"

"நூத்துக்கு எழுபதாவது இருக்கணும். பதினொன்னு இருக்கு."

"எனக்கா, அவளுக்கா?"

"அம்மா குரலுக்கு."

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். "பெயிலு."

சாந்தாமணி சிரிக்கவில்லை. "மத்த மூணு பேருக்கு எத்தனைங்?"

ஆதிரை அதை எதிர்பார்க்கவில்லை. தேடிப் பார்த்தாள். "ஒன்பது. பத்து. ஒருத்தங்களுக்குப் பன்னெண்டு."

"பன்னெண்டு வாங்குனவ யாருங்?"

"யாரோ ஒருத்தங்கம்மா. எங்கேயோ ரெக்கார்டு பண்ணினது."

"யாரோ ஒருத்தி," என்று சாந்தாமணி கண்ணாடிக் கூட்டைத் திறந்து மூடினாள்.

சந்தேகம் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம் என்று ஆதிரை சாந்தாமணியின் ஒலிப்பதிவைப் போட்டாள். ஒரு பெண் குரல். மெல்லியது, நடுங்கியது. சென்னியப்பன், என்றது. சென்னியப்பன். சென்னியப்பன்.

"யாரு இது?" என்றார் சென்னியப்பன்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா என்று பார்க்க சாந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக வாயின் இடது ஓரத்தில் சிரிப்பு தெரிந்துவிடும். இன்று தெரியவில்லை.

ஆதிரை ஒரு வரி தட்டச்சு செய்தாள்.

சிகிச்சை இருந்தது. மண்டையைத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து ஒலி அலையை உள்ளே அனுப்பி, அந்தப் புளியங்கொட்டையைச் சுற்றி வேலி போடுவார்கள். வேலியை நோய் தாண்டாது. நாற்பது நிமிட வேலை. மாலையே வீட்டுக்குப் போகலாம்.

"பக்கத்துச் சுத்துக்குச் சூடு ஏறாதுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"சார்?"

"காயில்ல ஒரு சுத்துல கைய வெச்சா அடுத்த சுத்தும் சுடும். இது எப்புடிங்?"

ஆதிரை அவரைப் புதிதாகப் பார்த்தாள். "ஏறும் சார். அதைத்தான் சொல்ல வந்தேன்."

"பக்கத்துல என்ன இருக்குது?"

"கேலி."

"ஆங்?"

"விளையாட்டாப் பேசற இடம். பட்டப்பேர் வைக்கிறது, வம்புக்கு இழுக்கிறது, இல்லாததை இருக்கற மாதிரி சொல்லிச் சிரிக்க வைக்கிறது. வேலி அது மேலதான் போகும். பேச்சு இருக்கும், வேலை செய்வீங்க, எல்லாரையும் தெரியும். விளையாட்டு மட்டும் போயிடும்."

"திரும்பி வருங்களா?" என்றாள் சாந்தாமணி.

"வராதும்மா."

"அட, இவளுக்கு லாபந்தான்," என்றார் சென்னியப்பன்.

அறிக்கையில் நோய் என்று வந்துவிட்டால் நோயாளி தானே கையெழுத்துப் போட முடியாது. மனைவிதான் சம்மதம் தர வேண்டும். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அதை விட்டால் ஏழு மாதம். அதற்குள் வேலி போட இடம் இருக்காது என்றாள் ஆதிரை.

காபி குடிக்காமல் பஸ் ஏறினார்கள்.

அன்று மாலை சாந்தாமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் அடுக்களை வாசலில் நின்று, "ஏனுங்கம்மா, இந்த ஊட்டுல சாந்தாமணின்னு ஒருத்தி இருந்தாளே, எங்க போனா?" என்றார்.

இது அவர் முப்பத்தைந்து வருடமாகச் சொல்வதுதான். அவள் புதுச் சேலை கட்டினால் சொல்வார். தலைக்கு எண்ணெய் வைத்தால் சொல்வார். போன வாரம்கூடச் சொன்னார்.

தோசைக் கரண்டி கீழே விழுந்தது.

அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "சும்மா சொன்னேன் புள்ள," என்றார். பிறகு சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

புதன்கிழமை காலை சாந்தாமணி எதிர்வீட்டுக்குப் போனாள்.

எதிர்வீட்டில் திருமூர்த்தி இருந்தார். தேங்காய் வியாபாரி. போன ஆடியில் அவருக்கு இதே மருத்துவமனையில், இதே சிகிச்சை நடந்தது. அதற்கு முன் அந்தத் தெருவில் பட்டப்பேர் இல்லாதவர் கிடையாது. எல்லாம் திருமூர்த்தி வைத்தது. சென்னியப்பன் 'காயிலு'. மின்வாரியக்காரர் 'மெழுகுவத்தி'. தன் மைத்துனருக்கு அவர் வைத்த பேரைப் பெண்கள் முன் சொல்ல முடியாது. எம்.எல்.ஏ. போல் போனில் பேசி ஒருமுறை நிஜமாகவே தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவழைத்தார்.

"ஏனுங், ஒறம்பரை வந்துருக்குது பாருங்," என்று விருந்தாளி வந்திருப்பதை அவர் மனைவி மயிலாத்தாள் உள்ளே பார்த்துச் சொன்னாள்.

திருமூர்த்தி வந்தார். சலவைச் சட்டை. "வாங்க சாந்தாமணி. சென்னியப்பன் அண்ணன் நல்லா இருக்கறாருங்களா?" என்றார்.

"இருக்கறாருங்ண்ணா."

"சந்தோசம்."

அவர் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். வேறு ஏதாவது வரும் என்று சாந்தாமணி காத்திருந்தாள். வரவில்லை. சற்று நேரத்தில் அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அடுக்களையில் மயிலாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"போட்டுரு கையெழுத்து," என்றாள் மயிலாத்தாள். "என்ன இருந்தாலும் நம்மளத் தெரியுமில்ல. எங்கூட்டுல இப்பச் சண்ட கிடையாது. சத்தம் கிடையாது. சோறு எப்படி இருக்குதுன்னா நல்லா இருக்குதுங்கறாரு."

"தேவலீங்க்கா."

"ஒரு நா உப்பே போடாம வெச்சுப் பாத்தேன்."

"என்ன சொன்னாருங்?"

மயிலாத்தாள் வெங்காயத்தை நறுக்கினாள். ஒன்று முடித்து இன்னொன்றை எடுத்தாள்.

"நல்லா இருக்குதுன்னாரு."

மதியம் சாந்தாமணி கடைக்குச் சோறு கொண்டுபோனாள். சென்னியப்பன் ஒரு போர் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். உதட்டில் எண்ணிக்கை ஓடியது. அந்த நேரத்தில் வாடிக்கையாளர் பேசினால் எண்ணிக்கை தவறிவிடும், திட்டுவார். போன் அடித்தால் தவறிவிடும். ஒருமுறை கலெக்டர் வண்டி ஹாரன் அடித்துத் தவறியது. கலெக்டருக்கும் திட்டு கிடைத்தது.

"ஏனுங்," என்றாள் சாந்தாமணி.

"வர்றேன், இரு," என்றார். கை நிற்கவில்லை. எண்ணிக்கையும் தவறவில்லை.

சுற்றி முடித்துக் கையைத் துடைத்தார். அவள் தூக்குப்போசியைத் திறந்தாள்.

"எதுத்த ஊட்டுக்குப் போயிட்டு வந்தேனுங்."

"என்ன சொன்னான் தேங்கா?"

"சந்தோசம்ன்னாரு."

சென்னியப்பன் சிரித்தார். பிறகு நிறுத்தினார். "என்னைக் காயிலுன்னு கூப்புட்டு ஒரு வருசம் ஆச்சு. கூப்புடும்போது கடுப்பா இருக்கும்."

"நான் என்னங் பண்ணட்டும்?"

"கையெழுத்துப் போடு."

"உங்களுக்கு வெளையாட்டுப் போயிருமுங்."

"போவட்டும். போடலைன்னா பத்து வருசம் வெளையாடுவேன். அப்புறம் ஒரு நா ஒன்னையப் பாத்து நெசமாவே யாருன்னு கேப்பேன். நீ வெளையாட்டுன்னு நெனச்சுச் சிரிப்ப." ரசத்தைச் சோற்றில் ஊற்றினார். "அது எனக்குப் புடிக்கல."

சாந்தாமணி முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள்.

"கேலிய நீ எடுத்துக்க," என்றார். "முப்பத்தஞ்சு வருசம் கேட்டுருக்கற. ஒண்ணு ரெண்டாவது வராதா?"

"எனக்கு வராதுங்."

"சொல்லிப் பாரு. ஒண்ணு சொல்லு."

அவள் யோசித்தாள். மோட்டாரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "உங்க மண்டை இந்த மோட்டாரு மாதிரி இருக்குதுங்."

"ஏன்?"

"ஏன்னு தெரியலீங்."

சென்னியப்பனுக்குப் புரையேறியது. அவள் அவர் தலையில் தட்டினாள். "பாசு," என்றார் அவர், கண்ணில் நீரோடு. "மொதல் தடவைக்குப் பாசு."

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவருக்கு முன்தலையை மழித்து மூன்று இடத்தில் நீல மையால் புள்ளி வைத்திருந்தார்கள். படுக்கையில் கிடந்தார். "திருநீறு தீந்துபோச்சுங்களா?" என்று செவிலியரிடம் கேட்டார். அவர் சொல்லும் ஒவ்வொன்றும் கடைசியாக இருக்கலாம் என்று சாந்தாமணி எதையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் அது அவ்வளவு நல்ல கேலி இல்லை என்று நினைத்தாள்.

கையெழுத்துப் போட்டாள். அது மட்டும் போதாது. சம்மதத்தை வாயாலும் சொல்ல வேண்டும். டெக்னீஷியன் எட்வின் அவள் முன் கேமராவை வைத்து ஒரு அட்டையைக் கொடுத்தார்.

"இதைப் படிச்சாப் போதும்மா. முடிஞ்சதும் பச்சை லைட் எரியும்."

சாந்தாமணி படித்தாள். "சாந்தாமணி ஆகிய நான், என் கணவர்... இவருக்கு, செய்யப்படும் சிகிச்சைக்கு முழு மனசோட சம்மதிக்கிறேன்."

சிவப்பு எரிந்தது.

"கணவர் பேரையும் படிங்கம்மா. அதுலேயே இருக்கு."

"இருக்குதுங்." அட்டையை கேமராவுக்குத் திருப்பிக் காட்டினாள். விரலை வைத்து, "இவருங்," என்றாள்.

சிவப்பு.

"காட்டினாப் பத்தாதும்மா. சொல்லணும்."

"அது எப்படிங் சொல்றது?"

ஆதிரை கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். "என்ன தாமதம்? சென்னியப்பன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

"நீங்க சொல்லலாமுங். நான் சொல்லக்கூடாதுங்."

"அன்னைக்கு ரெக்கார்டிங்ல மூணு தடவை சொன்னீங்களே?"

சாந்தாமணி எட்வினைப் பார்த்தாள். காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. ஆனாலும் சொன்னாள். "இந்தத் தம்பி சொல்லித்தான் ஆவோணும்னுச்சுங். சென்னிமலை ஆண்டவருக்கும் இதே பேருதானுங். கண்ண மூடிக்கிட்டு, அவர நெனச்சுக்கிட்டு, சாமியக் கூப்புடற மாதிரி கூப்புட்டுட்டேனுங். இன்னொருக்கா சாமியை ஏமாத்தச் சொல்லாதீங்."

ஆதிரையின் ஒரு கையில் உறை இருந்தது. மறு கையில் இல்லை.

"அதுக்கு முன்னாடி எப்பக் கூப்பிட்டிருக்கீங்க?"

"எதை?"

"அவர் பேரை."

"கண்ணாலம் ஆயி முப்பத்தஞ்சு வருசத்துல அன்னைக்குத்தானுங் மொதத் தடவை."

படுக்கையில் இருந்த சென்னியப்பன் தலையைத் தூக்கினார்.

"அன்னைக்கு அது நீயா புள்ள?"

"ஆமாங்."

"நான்தான் அப்பவே கேட்டனே, யாருன்னு."

ஆதிரை உட்கார்ந்தாள். "வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏனுங்ன்னு கூப்புடுவேன். வேறென்னங்?"

"நீங்க உங்கூட்டுக்காரர எப்படிங் கூப்புடுவீங்க?" என்று சென்னியப்பன் டாக்டரைக் கேட்டார்.

"பேர் சொல்லித்தான். கோபம் வந்தா அவங்க அப்பா பேரையும் சேர்த்து."

"அப்ப அவருக்கு லைட்டு நல்லா எரியும். இந்தத் தொப்பிய செஞ்சவன் பொண்டாட்டியும் அப்புடித்தான் போல."

ஆதிரை தொப்பியைக் கொண்டுவரச் சொன்னாள்.

புதிதாக நாலு குரல் பதிய வேண்டியிருந்தது. மூன்று செவிலியர்களைப் பிடித்து ஆளுக்கொரு 'ஏனுங்' சொல்ல வைத்தார்கள். ஒருத்தி பாலக்காட்டுக்காரி, சிரித்துச் சிரித்து நாலாவது முறைதான் சரியாக வந்தது. கடைசியாக சாந்தாமணி. மைக் முன்னால் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் மோட்டார் கட்டிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஆதிரை. நினைத்துக்கொண்டாள்.

தொப்பிக்குள் சென்னியப்பன் கண்மூடிக் கிடந்தார். அசையக்கூடாது. எட்வின் குரல்களை வரிசை மாற்றிப் போட்டார். முதல் குரல். இரண்டாவது. மூன்றாவது.

நான்காவதற்கு, "வர்றேன், இரு," என்று சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்தார். தொப்பியின் வயர் அறுந்தது.

மாற்று வயர் கொண்டுவர அரை மணி நேரம் ஆனது. இரண்டாவது முறை கையை இறுக்கிக் கட்டினார்கள்.

திரையில் மூளை வந்தது. சாம்பல் நடுவில், நெற்றிக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவில் ஆரஞ்சு எரிந்தது.

"தொண்ணூத்தி மூணு," என்றாள் ஆதிரை. "அம்மா, உங்களுக்குத் தொண்ணூத்தி மூணு. அவருக்கு ஒண்ணும் இல்லை. நோயே இல்லை. மூளை குரலை மட்டும் கேட்கலை. கூப்பிடற விதத்தையும் கேட்குது. நாங்க தப்பாக் கூப்பிட வெச்சுட்டோம்."

"மத்தவங்களுக்கு எத்தனைங்?"

"எட்டு. பதினாலு. ஒருத்தங்களுக்கு முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணா?"

"பொள்ளாச்சிப் பொண்ணும்மா. உங்க பக்கத்து இழுவை."

சாந்தாமணி வாசல் பக்கம் திரும்பி அந்தச் செவிலியரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் கூப்புட்டுச்சு அந்தப் புள்ளையும்," என்றார் சென்னியப்பன். வாயின் இடது ஓரத்தில் சிரிப்பு தெரிந்தது.

சாந்தாமணி அப்போதுதான் அழுதாள். அழுகை நின்றதும், "பாதி மொட்டையோட பஸ்ல கூட்டிட்டுப் போவோணும்," என்றாள். "டிக்கெட்டும் பாதிதான் கேப்பேன்."

சென்னியப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அது," என்றார்.

எட்வின் சிரித்தார். ஆதிரையும் சிரித்தாள். சம்மதப் படிவத்தை நாலாகக் கிழித்துத் தொட்டியில் போட்டாள். நெற்றிப் புள்ளியைத் துடைக்கப் பஞ்சு கொண்டுவரச் சொன்னாள்.

சாந்தாமணி பஞ்சை வாங்கி அவளே துடைத்தாள். ஒரு புள்ளி போயிற்று. இரண்டாவது புள்ளியில் கை நின்றது.

"டாக்டரம்மா."

"சொல்லுங்க."

"எங்க எதுத்த ஊட்டுல திருமூர்த்தி அண்ணன். போன ஆடியில இங்கதானுங் பண்ணுனீங்க."

ஆதிரை கணினியைப் பார்த்தாள். பேரைத் தட்டினாள். ஒலிப்பதிவு இருந்தது. போட்டாள். ஒரு பெண் குரல், பிடிக்காத மருந்தைத் துப்புவதுபோல வேகமாக, திருமூர்த்தி என்றது. திருமூர்த்தி. திருமூர்த்தி.

"மயிலாத்தாக்கா," என்றாள் சாந்தாமணி. "அதுவும் ஏனுங்ன்னுதான் கூப்புடுமுங். நேத்துக்கூட."

மார்க் திரையில் இருந்தது. பதிமூன்று. அதன் கீழே ஆதிரையின் கையெழுத்து இருந்தது.

அவள் பக்கத்தைக் கீழே நகர்த்தினாள். பொள்ளாச்சி. உடுமலை. தாராபுரம். காங்கயம். மூன்று வருடப் பேர்கள். பட்டியல் முடியவில்லை. சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். வாயின் இடது ஓரத்தில் சிரிப்பு தெரியவில்லை. இந்த முறை அது நோயாக இருக்குமோ என்று யாரும் நினைக்கவில்லை.

சாந்தாமணி பஞ்சை மடித்தாள்.

"உப்பில்லாத சோத்த நல்லா இருக்குதுன்னாருங் அந்த அண்ணன்," என்றாள். "இத அக்காகிட்ட யாருங் போய்ச் சொல்றது? நீங்களா, நானா?"